எத்தனை பேர்?

ஒரு காலுக்கு மட்டும்தான் வைத்தியம். மற்றக் காலைத் தொடவில்லை.

லாஸ் ஏஞ்சலஸ் நகரத்து சீடர்ஸ்-சைனாய் மருத்துவ மையத்தில் ஏ.எல்.எஸ். நோயாளிகள் 18 பேருக்கு அப்படித்தான் செய்தார்கள். முதுகைத் திறந்து, தண்டுவடத்தின் அடிப்பகுதியில் கால்களை ஆளுகிற நரம்பு செல்கள் இருக்கும் இடம் பார்த்து, ஆய்வகத்தில் வளர்த்த செல்களை ஊசியால் இறக்கினார்கள். இரண்டு பக்கமும் அல்ல, ஒரே பக்கம். இரண்டு காலும் சோர்ந்துகொண்டே போகிற நோய் இது. இறக்கிய செல்கள் வேலை செய்தால் அந்தப் பக்கத்துக் கால் தாக்குப்பிடிக்கும். தொடாத கால் முந்திக்கொண்டு விழும். ஒருவருடைய ஒரு காலே அவருடைய இன்னொரு காலுக்குச் சாட்சி.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. நடை போய்க்கொண்டிருக்கிறது, அடுத்து மூச்சு போகும் என்று தெரிந்த ஒருவர், "ஒரு பக்கம் போடுங்கள், இன்னொரு பக்கம் கணக்குக்கு இருக்கட்டும்" என்று சம்மதித்திருக்கிறார். ஒருவரல்ல, 18 பேர்.

என் சித்தப்பாவும் சம்மதித்திருப்பார். அவர் கணக்கு வாத்தியார்.

சாக்பீஸ் நழுவிய நாள்

விரலிலிருந்து சாக்பீஸ் நழுவியதுதான் முதல் அடையாளம். கரும்பலகையில் அவர் கோடு போட்டால் ஸ்கேல் வைத்துப் பார்த்தாலும் பிசகு இருக்காது. ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கும்போது பாதிக் கோட்டில் சாக்பீஸ் கீழே விழுந்தது. எடுத்தார், திரும்பவும் விழுந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். பிறகு சட்டைப் பொத்தான். பிறகு பீரோச் சாவி. கழுத்து எலும்புத் தேய்மானம் என்றார் ஒரு டாக்டர். பட்டை போட்டார்கள், பிசியோதெரபி நடந்தது. ஒரு வருஷம் போன பிறகு ஒரு நரம்பியல் மருத்துவர் அவரை நாக்கை நீட்டச் சொல்லி உற்றுப் பார்த்தார். நாக்கின் மேல் தோலுக்கடியில் புழு நெளிவதுபோல ஒரு துடிப்பு. தசைகளில் ஊசி குத்தி மின்னோட்டம் பார்க்கும் இ.எம்.ஜி. சோதனை அன்றைக்கே நடந்தது.

மோட்டார் நியூரான் நோய் என்று நம் டாக்டர்கள் சொல்வதில் பெரும்பகுதி இந்த ஏ.எல்.எஸ்.தான். பிரெஞ்சு மருத்துவர் ழான்-மார்ட்டின் ஷார்கோ 1869-இல் இதை விவரித்தார். மூளையிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் தசைக்குக் கட்டளை கொண்டுபோகிற நரம்பு செல்கள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகின்றன. கட்டளை வராத தசை சூம்பிப்போகிறது. கை, கால், நாக்கு, தொண்டை, கடைசியில் மூச்சுத் தசை. தொட்டால் தெரியும், கண் அசையும், பெரும்பாலோருக்குப் புத்தி தெளிவாகவே இருக்கும். அதுதான் கொடுமை. அறிகுறி தொடங்கி 2 முதல் 5 ஆண்டு என்பது பொதுவான கணக்கு. 21 வயதில் நோய் தெரிந்து 76 வயது வரை வாழ்ந்த ஸ்டீபன் ஹாக்கிங்கை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். அவர் அபூர்வத்திலும் அபூர்வம். பேஸ்பால் வீரர் லூ கெரிக் 1939-இல் நோய் தெரிந்து 1941-இல் போய்விட்டார். வயது 37. அமெரிக்காவில் இன்றைக்கும் இது அவர் பெயரால்தான் அறியப்படுகிறது.

நம் ஊர்ப் பெயரிலும் இந்த நோய்க் குடும்பத்தில் ஒரு கிளை உண்டு. இளம் வயதிலேயே வந்து, காது மந்தமாகி, முகமும் தொண்டையும் தளர்ந்து, ஆனால் மெதுவாகவே முற்றுகிற ஒரு வகையைச் சென்னை மருத்துவர்கள் மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், ராமமூர்த்தி 1970-இல் எழுதி வைத்தார்கள். உலக மருத்துவப் புத்தகங்களில் அது 'மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்'. சித்தப்பாவுக்கு அதுவாவது இருக்கக் கூடாதா என்று நாங்கள் ஏங்கிய நாள் உண்டு. ஒரு நோய்க்குப் பதில் இன்னொரு நோய்க்கு வேண்டிக்கொள்கிற நிலைக்கு ஒரு குடும்பம் வருவதை யாரும் அனுபவிக்கக் கூடாது.

மருந்து? 1995-இல் வந்த ரிலுசோல், ஆயுளை இரண்டு மூன்று மாதம் நீட்டும். எஸ்.ஓ.டி.1 என்ற மரபணுவில் கோளாறு உள்ள சிறு கூட்டத்துக்கு 2023-இல் டோஃபெர்சென் வந்தது. மற்றவர்களுக்குக் கையில் பெரிதாக ஒன்றுமில்லை. கை வெறுமையாக இருக்கும்போதுதான் 'ஸ்டெம் செல்' என்ற சொல் காதில் விழுகிறது.

வாய்க்கு வந்த கதையல்ல

ஸ்டெம் செல் என்றாலே ஏமாற்று என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த யோசனைக்குப் பின்னால் திடமான அறிவியல் இருக்கிறது.

செத்த நரம்பு செல்லுக்குப் பதில் புது செல்லை நடுவது என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது. அது ஏன் லேசில்லை என்பதற்குச் சித்தப்பாவே ஒரு கணக்குப் போட்டார். இடுப்புக்கு மேலிருக்கும் தண்டுவட செல்லிலிருந்து பாதத் தசை வரை நரம்பிழை ஏறத்தாழ ஒரு மீட்டர். நரம்பு வளர்ந்தால் ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வளரும். 1,000 நாள். நோய் அதுவரை காத்திருக்குமா?

ஆகவே விஞ்ஞானிகள் வேறு வழி பிடித்தார்கள். நரம்பு செல்லைச் சுற்றி அதைப் பேணுகிற அண்டை செல்கள் உண்டு. அண்டை செல்கள் ஆரோக்கியமாக இருந்தால் நோய்பட்ட நரம்பு செல்லும் கூடுதல் காலம் பிழைக்கிறது என்பதை 2003-இல் எலிகளில் காட்டினார்கள். பயிரை மாற்றி நடுவதற்குப் பதில் மண்ணைத் தேற்றுகிற வேலை. சீடர்ஸ்-சைனாயில் கிளைவ் ஸ்வென்ட்சென் குழு நட்டதும் இப்படிப்பட்ட பேணும் செல்களாக வளரக்கூடியவைதான். நரம்புக்கு ஊட்டம் தருகிற ஜி.டி.என்.எஃப். என்ற புரதத்தைச் சுரக்கும்படி அவற்றை முன்கூட்டியே மாற்றியிருந்தார்கள்.

அதற்கு முன்பே, 2010 ஜனவரியில், அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழக மருத்துவமனையில் நரம்பு ஸ்டெம் செல்லைத் தண்டுவடத்துக்குள்ளேயே ஊசியால் இறக்கும் முயற்சி தொடங்கியது. தண்டுவடம் நம் சுண்டுவிரல் பருமன். மூச்சுக்கும் துடிப்புக்கும் ஏற்ப உள்ளே அது ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அதில் ஊசி நிலையாக நிற்பதற்கென்றே நிக்கோலஸ் பூலிஸ் என்ற அறுவை நிபுணர் ஒரு கருவி செய்தார். முதலில் நடக்க முடியாதவர்கள், பிறகு நடப்பவர்கள். முதலில் இடுப்புப் பக்கம், பிறகு மூச்சை ஆளுகிற கழுத்துப் பக்கம். ஒரு படி பத்திரம் என்று தெரிந்த பிறகே அடுத்த படி. பெரும்பாலும் தாங்கிக்கொள்ள முடிகிற சிகிச்சை என்று தெரிந்தது. நோயைத் தடுக்கிறதா என்பதற்கு அந்தச் சிறிய எண்ணிக்கையில் பதில் கிடைக்கவில்லை.

33-க்கும் 28-க்கும் நடுவே

பதில் தேடி நடந்த பெரிய பரீட்சை நியூரோன். இஸ்ரேலில் பிறந்த பிரெய்ன்ஸ்டார்ம் நிறுவனத்தின் சிகிச்சை. நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை உறிஞ்சி எடுப்பார்கள். அதிலுள்ள ஸ்டெம் செல்லைப் பிரித்துப் பெருக்கி, நரம்புக்கு ஊட்டம் தரும் புரதங்களை ஏராளமாகச் சுரக்கும்படி பழக்குவார்கள். முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீரில் திருப்பி விடுவார்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, மூன்று முறை. அவரவர் செல் அவரவருக்கே என்பதால் உடம்பு அதை அந்நியமாகப் பார்க்காது.

அமெரிக்காவின் 6 மையங்களில் 196 பேரைச் சேர்த்தார்கள். அத்தனை பேருக்கும் மஜ்ஜை எடுத்தார்கள். பாதிப் பேருக்கு மட்டுமே செல் போனது. மீதிப் பேருக்கு செல் இல்லாத வெறும் திரவம். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, பரிசோதிப்பவருக்கும் தெரியாது.

அளவுகோல் ஒன்று உண்டு. 12 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 4 மதிப்பெண், மொத்தம் 48. பேச்சு எப்படி, எச்சில் வழிகிறதா, விழுங்க முடிகிறதா, கையெழுத்து, உணவை வெட்டுவது, உடுத்துவது, படுக்கையில் புரள்வது, நடை, மாடிப்படி, மூச்சு. உலகம் முழுக்க ஏ.எல்.எஸ். நோயாளிகளின் வாழ்க்கை இந்த 48-க்குள்தான் அளக்கப்படுகிறது. மாதத்துக்குச் சுமார் ஒரு மதிப்பெண் போகும். சித்தப்பா இதைக் கேள்விப்பட்டதும் ஒரு நீளமான நோட்டு வாங்கிவரச் சொன்னார். கேள்விகளைத் தமிழில் எழுதினார், அதாவது அவர் சொல்ல என் தம்பி எழுதினான். 'உணவை வெட்டுவது' என்ற இடத்தை அடித்துவிட்டு, 'சோறு பிசைவது' என்று மாற்றச் சொன்னார். கத்தியை நாம் எங்கே சாப்பாட்டில் எடுக்கிறோம்? ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி அவருக்கு அவரே மார்க் போட்டுக்கொண்டார். முதல் பதிவு 37.

நியூரோன் ஆய்வின் முடிவு 2020 நவம்பரில் வந்தது. சரிவின் வேகம் மாதத்துக்கு ஒன்றேகால் மதிப்பெண்ணாவது மட்டுப்பட்டால் 'பலன்' என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார்கள். செல் போட்டவர்களில் 100-க்கு 33 பேருக்குப் பலன். வெறும் திரவம் போட்டவர்களில் 28 பேருக்குப் பலன்.

இந்த 28 என்ற எண்ணைத்தான் வாசகர்கள் நிறுத்தி நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒன்றுமே போடாதவர்களில் கால்வாசிக்கு மேல் சரிவு குறைந்திருக்கிறது. இதில் மாயம் எதுவும் இல்லை. இந்த நோய் ஒரே சாய்வில் இறங்குவதில்லை. வேகமாக இறங்கும், சில மாதம் படி போல நிற்கும், மறுபடி இறங்கும். பழைய ஆய்வுகளின் நோயாளிக் கணக்குகளையெல்லாம் திரட்டி வைத்த பட்டியலை டியூக் பல்கலைக்கழகத்து ரிச்சர்ட் பெட்லாக் குழு புரட்டிப் பார்த்தது. ஏதோ ஒரு 6 மாதத்தில் துளியும் சரியாமல் இருந்தவர்கள் 100-க்கு 25 பேர்.

அப்படியானால், முதுகில் உப்பு நீரை ஏற்றி அனுப்புகிற ஒருவரிடமும் நூறு பேரில் இருபத்தைந்து பேராவது, "ஊசிக்கு அப்புறம் மோசமாகவில்லை, கடவுள் புண்ணியம்" என்று மனமாரச் சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அந்த இருபத்தைந்து பேரை வீடியோ எடுத்துப் போட்டால் போதும். மற்ற எழுபத்தைந்து பேரை யார் எடுக்கப் போகிறார்கள்?

நியூரோனுக்கு ஆதரவாக நின்ற நோயாளிகளைப் பற்றி லேசாகப் பேச எனக்கு மனமில்லை. முற்றிய நிலையில் இருந்தவர்கள் 48-இன் அடிமட்டத்தில் இருந்ததால் அளவுகோலே அவர்களைச் சரியாக அளக்கவில்லை, ஆரம்ப நிலையில் இருந்தவர்களிடம் வித்தியாசம் தெரிந்தது என்று நிறுவனம் வாதாடியது. வாதத்தில் பொருள் இல்லாமல் இல்லை. ஆனால் விடை வந்த பிறகு கேள்வியை மாற்றுகிற ஆபத்தும் அதில் இருக்கிறது. 2023 செப்டம்பர் 27-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் ஆலோசனைக் குழு கூடியது. நோயாளிகளும் குடும்பத்தாரும் வந்து மன்றாடினார்கள். போதிய சான்று இல்லை என்று 17 பேர், உண்டு என்று ஒருவர், வாக்களிக்காமல் ஒருவர். அடுத்த மாதமே நிறுவனம் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றது.

தென்கொரியா வேறு பாதையில் போனது. ஸோலின் ஹன்யாங் பல்கலைக்கழகத்தில் உருவான மஜ்ஜை ஸ்டெம் செல் சிகிச்சைக்கு 2014-லேயே நிபந்தனையோடு அனுமதி கொடுத்தார்கள்: 'விற்றுக்கொள், ஆனால் பெரிய ஆய்வு நடத்திக் காட்டு.' அந்த ஆய்வின் முடிவு வரப் பத்து வருஷம் ஆனது. 2024 டிசம்பரில் வந்தது. எதிர்பார்த்த பலன் நிரூபணமாகவில்லை. அந்தப் பத்து வருஷத்தில் காசு கொடுத்து ஸோலுக்குப் போய் வந்த குடும்பங்களை நினைத்துப் பார்க்கிறேன். அவசரப்பட்டார்கள் என்று சொல்ல எனக்கு நா எழாது. நோய் அவசரப்படுத்துகிறது.

நோயாளிகளே எண்ணிய கதை

எண்ணுவதற்குப் பெரிய மருத்துவமனைதான் வேண்டும் என்பதில்லை. அமெரிக்காவில் ஹேவுட் என்று ஒரு குடும்பம். ஸ்டீபன் ஹேவுட்டுக்கு 29 வயதில், 1998-இல் ஏ.எல்.எஸ். தெரிந்தது. வீடு கட்டுகிற தொழிலில் இருந்தவர். அண்ணன் ஜேமி பொறியாளர். தம்பிக்காக வேலையை விட்டு, வீட்டிலேயே ஓர் ஆராய்ச்சி அமைப்பைத் தொடங்கினார். பிறகு சகோதரர் பெஞ்சமினும் நண்பர் ஒருவரும் சேர, நோயாளிகள் தங்கள் 48 கணக்கைத் தாங்களே பதிந்துகொள்கிற 'பேஷன்ட்ஸ்லைக்மீ' பிறந்தது.

2008-இல் இத்தாலியிலிருந்து ஒரு செய்தி: லித்தியம் கொடுத்த 16 நோயாளிகளில் ஒருவர்கூடச் சாகவில்லை! மனநோய்க்குக் கொடுக்கிற, மலிவாகக் கிடைக்கிற மாத்திரை. உலகம் முழுக்க நோயாளிகள் வாங்கிப் போடத் தொடங்கினார்கள். ஹேவுட்டின் இடத்தில் ஒன்று நடந்தது. போட்டுக்கொண்டவர்கள் அளவையும் மதிப்பெண்ணையும் மாதாமாதம் பதிந்தார்கள். லித்தியம் எடுத்த 149 பேரை, அதே வேகத்தில் நோய் முற்றிக்கொண்டிருந்த, லித்தியம் எடுக்காதவர்களோடு ஜோடி சேர்த்துப் பார்த்தார்கள். பலன் இல்லை. 2011-இல் அது ஆய்விதழில் அச்சானது. ஸ்டீபன் அதைப் பார்க்க இல்லை, 2006-லேயே போய்விட்டார்.

நெஞ்சை உடைக்கிற பதில்தான். ஆனாலும் பதில். அதற்குப் பிறகு நோய் வந்தவர் லித்தியத்துக்காக ஒரு மாதத்தைக்கூட வீணாக்க வேண்டியதில்லை.

எண்ணாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் இத்தாலியே உதாரணம். டாவிடே வன்னோனி மருத்துவர் அல்ல, உளவியல் பேராசிரியர். 'ஸ்டாமினா' என்ற பெயரில், தீராத நரம்பு நோய்களுக்கு ஸ்டெம் செல் சிகிச்சை என்று கிளம்பினார். முறையைக் கேட்டால் சரியாகச் சொல்ல மாட்டார். பிரெஷியா நகர அரசு மருத்துவமனையிலேயே அது நடந்தது. அரசு தடுத்தபோது பெற்றோர்கள் தெருவுக்கு வந்தார்கள், தொலைக்காட்சிகள் அழுதன, 2013-இல் நாடாளுமன்றமே இறங்கி வந்து சோதனைக்கு 30 லட்சம் யூரோ ஒதுக்கியது. எலெனா கட்டானியோ, பாவ்லோ பியாங்கோ போன்ற ஸ்டெம் செல் விஞ்ஞானிகள் பழி சுமந்து எதிர்த்து நின்றார்கள். வன்னோனி காப்புரிமை கேட்ட விண்ணப்பத்தில் இருந்த படங்கள் வேறொருவர் கட்டுரையிலிருந்து எடுத்தவை என்பது வெளியே வந்தது. 2015-இல் தண்டனை. அத்தனை வருஷமும் போன குழந்தைகளுக்கு என்ன ஆனது என்று உருப்படியான ஒரு கணக்குகூட மிஞ்சவில்லை.

உடம்பில் விட்ட செல் சும்மாவும் இருந்துவிடுவதில்லை. வேறொரு நரம்பு நோய்க்காக மாஸ்கோவில் கருவிலிருந்து எடுத்த செல்களை ஏற்றிக்கொண்ட ஓர் இஸ்ரேல் சிறுவனுக்கு, முதல் ஊசி போட்டு நான்கு ஆண்டு கழித்து மூளையிலும் தண்டுவடத்திலும் கட்டி கண்டுபிடித்தார்கள். கட்டியில் இருந்த செல்கள் அவனுடையவை அல்ல. 2009-இல் அது பதிவானது.

இரண்டு தாள்கள்

சித்தப்பாவுக்குக் குரல் போயிருந்த சமயம். வேறு மாநிலத்துப் பெருநகரம் ஒன்றில் ஸ்டெம் செல் மையம் இருப்பதாகத் தூரத்துச் சொந்தக்காரர் சொன்னார். வெளிநாட்டு ஆய்வு எதிலும் அவரைச் சேர்க்க மாட்டார்கள் என்று தெரிந்துவிட்டிருந்தது. நியூரோன் ஆய்வில் சேர அறிகுறி தொடங்கி 24 மாதத்துக்குள் இருக்க வேண்டும், மூச்சு பலமாக இருக்க வேண்டும் என்று விதி. நமக்கு நோயின் பெயர் தெரியவே ஒரு வருஷம் போய்விடுகிறது. அந்த மையத்தில் அப்படி எந்த விதியும் இல்லை. எந்த நிலையில் இருந்தாலும் வரலாம்.

"போய்ப் பார்த்திட்டாவது வருவோம். நாளைக்கு மனசு கேட்காது," என்றார் சித்தி. அதற்கு மேல் பேச யாருக்கும் வாயில்லை. போனோம்.

பளிங்குத் தரை, ஏ.சி., பணிவான பெண் ஆலோசகர். நோயாளி ஒருவர் கையைத் தூக்குகிற வீடியோவை டேப்லெட்டில் காட்டினார். தொகையைச் சொன்னார். சித்தி கண்ணை மூடித் திறந்தார். நகையைக் கூட்டிப் பார்க்கிறார் என்று எனக்குப் புரிந்தது. சித்தப்பா இமையை இரண்டு முறை தட்டினார். அட்டை வேண்டும் என்று அர்த்தம்.

அட்டையைத் தம்பிதான் செய்திருந்தான். மேலே உயிரெழுத்து 12, பக்கவாட்டில் மெய் 18. அவன் ஒவ்வொரு வரிசையாக விரல் வைத்துக்கொண்டே போவான்; சரியான இடம் வந்ததும் சித்தப்பா இமைப்பார். மெய் ஒரு சுற்று, உயிர் ஒரு சுற்று, ஓர் எழுத்து. அன்றைக்கு வந்தது ஆறு எழுத்து: எ, த், த, னை, பே, ர்.

"நிறைய பேருக்குப் பண்ணியிருக்கோம் சார். ஐந்நூறுக்கு மேல," என்றார் ஆலோசகர்.

சித்தப்பா திரும்ப இமை தட்டினார். இன்னும் ஆறு எழுத்து: இ, ரு, ப், ப, வ, ர். இருப்பவர். அந்த ஐந்நூறில் இன்றைக்கு உயிரோடு இருப்பவர் எத்தனை என்று கேட்கிறார்.

"ஒவ்வொருத்தர் உடம்பு வாகு ஒவ்வொரு மாதிரி சார். நம்பிக்கைதான் முக்கியம்."

சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டார். எங்கள் வீட்டில் அதற்கு 'போதும்' என்று பொருள்.

கிளம்பும்போது இரண்டு தாள் கொடுத்தார்கள். கையெழுத்துப் போட வேண்டிய தாளில், இது சோதனை முயற்சி, பலனுக்கு உத்தரவாதம் இல்லை என்று இருந்தது. கட்டணத் தாளில் 'சிகிச்சைச் செலவு' என்று இருந்தது. பொறுப்பு என்று வரும்போது சோதனை. பணம் என்று வரும்போது சிகிச்சை.

இந்த இரண்டில் ஏதாவது ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதில் தெளிவாகவே இருக்கிறது. ரத்த நோய்களுக்கான மஜ்ஜை, ரத்த ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சைதான் ஏற்கப்பட்டது. மற்ற எந்த நோய்க்கும் ஸ்டெம் செல் கொடுப்பதென்றால் அனுமதி பெற்ற ஆய்வுக்குள் மட்டுமே கொடுக்கலாம். ஆய்வில் சேர்பவரிடம் அதற்குப் பணம் வாங்கக் கூடாது. யாராவது உங்களிடம் 'பதிவு எண் இருக்கிறது' என்று காட்டினால் ஏமாறாதீர்கள். ஆய்வுகளின் பட்டியலில் பெயர் இருப்பது வேறு; அந்த ஆய்வுக்கு அனுமதி கிடைத்திருப்பது வேறு. அனுமதிக் கடிதத்தைக் கேளுங்கள், நெறிமுறைக் குழு எது என்று கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கல்லாப்பெட்டி எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். உண்மையான ஆய்வில் கடன்பட்டவர் ஆய்வாளர், நோயாளி கொடுப்பவர்.

போனவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நாங்களும் போனவர்கள்தான். அன்று சித்தப்பா கேள்வி கேட்காமல் தலையாட்டியிருந்தால் நகை போயிருக்கும், நாங்களும் நம்பியிருப்போம்.

மிச்சமான நகையில் பாதிக்கு மூச்சு இயந்திரம் வந்தது. மூக்கில் முகமூடி வைத்து இரவில் காற்றை அழுத்திக் கொடுக்கிற பைபாப். அதைப் பற்றி யாரும் வீடியோ போடுவதில்லை. ஆனால் 2006-இல் பிரிட்டனின் நியூகாசிலில் நடந்த ஆய்வில், தொண்டைத் தசை மிக மோசமாகத் தளராதவர்களுக்கு அந்த முகமூடி கொடுத்த கூடுதல் ஆயுள் நடுக்கணக்கில் 205 நாள். எந்த மாத்திரையும் இவ்வளவு கொடுத்ததில்லை. அதை எங்களுக்கு முதல் வருஷமே யாராவது அழுத்திச் சொல்லியிருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை. சித்தப்பாவுக்குத் தொண்டை தளர்ந்த பிறகுதான் வந்தது. ஆனாலும் அவர் படுத்துத் தூங்கினார். அதற்கு முன் நாலு மாதம் நாற்காலியில் உட்கார்ந்தே விடிய வைத்தவர்.

அந்த ஒற்றைக் கால் ஆய்வின் முடிவு 2022-இல் வந்தது. செல் போட்ட காலுக்குக் கெடுதல் இல்லை. மற்றக் காலைவிடத் தெளிவாகத் தேறியது என்று சொல்லவும் முடியவில்லை. நோய் முற்றி இறந்துபோனவர்களில் 13 பேரின் தண்டுவடத் திசுவை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். நட்ட செல்கள் உயிரோடு இருந்தன, புரதத்தைச் சுரந்துகொண்டிருந்தன. ஒருவரிடம் நட்டு 42 மாதம் கழித்தும். ஊசி இறங்கிய இடத்தருகே பலருக்கு நரம்பிழைகள் சிறு முடிச்சுகளாகத் திரண்டிருந்ததையும் மறைக்காமல் எழுதினார்கள். ஸ்வென்ட்சென் குழு இப்போது அதே செல்களைத் தண்டுவடத்துக்குப் பதிலாக, கட்டளை புறப்படுகிற மூளைப் பகுதியில் வைத்துப் பார்க்கும் ஆய்வில் இருக்கிறது. எங்கே நட வேண்டும் என்ற அடுத்த கேள்விக்கு அந்த 18 பேர் வழிவிட்டிருக்கிறார்கள்.

சித்தப்பாவின் நோட்டு தம்பியிடம் இருக்கிறது. நியூரோன் ஆய்வில் முதல் ஊசிக்கு முன்னால் 18 வாரம் எதுவும் கொடுக்காமல் மதிப்பெண்ணை மட்டும் குறித்தார்கள் என்று நான் அவருக்குப் படித்துக் காட்டியிருந்தேன். சரிவின் இயல்பான வேகம் தெரிந்தால்தானே மருந்து அதை மாற்றியதா என்று பார்க்க முடியும்? கேட்டுவிட்டு, தன் நோட்டில் ஒரு மாதம்கூட விடக் கூடாது என்று முடிவு செய்துவிட்டார். எங்கேயாவது ஓர் ஆய்வு தொடங்கினால் தன் கணக்கு தயாராக இருக்க வேண்டும். 37, 36, 34, 34, 33. நாலாவது மாதம் அவர் சந்தோஷப்பட்டது எனக்கு நினைவிருக்கிறது. ஐந்தாவது மாதம் ஒன்றும் சொல்லவில்லை. கடைசிப் பக்கத்தில் 9, 9, 7.

அந்தக் கடைசி 7 இருக்கிற மாதம், வீட்டில் ஏதோ விசேஷம், யாருக்கும் நினைவில்லை. இரவு முகமூடி மாட்டப் போனபோது சித்தப்பா இமையை இரண்டு முறை தட்டினார். வலிக்கிறதோ, புரட்ட வேண்டுமோ என்று சித்தி பதறிப்போய் அட்டையை எடுத்துவந்தார். தம்பி விரலை ஓட்டினான். இரண்டே எழுத்து.

தே, தி.